தூய ஆற்றலும் சூழல் ஒப்புதலும்: அமைதிப் பள்ளத்தாக்கு முதல் தார்ப் பாலை வரை

முன்னுரை

நிலக்கரியையும் எண்ணெயையும் எரிக்காமல் மின்னாற்றல் பெறும் வழிகள் இன்று தூய ஆற்றல் என்னும் பொதுப்பெயரால் சுட்டப்படுகின்றன. நீர், காற்று, கதிரொளி ஆகிய மூன்றும் அவற்றுள் முதன்மையானவை. இவை சார்ந்த திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் ஒப்புதல் பெறும் நடைமுறை நீண்டது, காலத்தை விழுங்குவது, நாட்டின் மின்தேவைக்குத் தடையாக நிற்பது என்னும் குறைகூறல் பரவலாக உள்ளது. புவி வெப்பமடைதல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுவிட்ட இந்நாளில் அக்குறைகூறல் மேலும் வலுப்பெற்றுள்ளது.

இக்குறைகூறலை வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டம், அதே மாநிலத்தின் அதிரப்பள்ளி நீர்மின் திட்டம், இராசத்தான் பாலைப் பகுதியின் கதிரொளி, காற்றாலைத் திட்டங்கள் ஆகிய மூன்றும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. காலத்தாழ்வு, கேள்வி கேட்கப்பட்டதால் விளைந்ததா, கேட்க வேண்டிய வேளையில் கேட்கப்படாததால் விளைந்ததா என்பது இங்கு எழுப்பப்படும் வினா.

ஒப்புதல் கேட்கப்படாத காலம்

தென்னிந்தியாவில் நீர்மின்னாக்கம் 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்தில் தொடங்கியது. 1932இல் நீலகிரியின் பைக்காராவும், 1940இல் திருவிதாங்கூரின் பள்ளிவாசலும் மின்சாரம் தரத் தொடங்கின. விடுதலைக்குப் பின்னர்க் கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டின் உதவியுடன் நீலகிரியில் குந்தா திட்டம் உருவாயிற்று. அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி ஆகிய நீர்த்தேக்கங்கள் சோலைக்காடுகளும் புல்வெளிகளும் செறிந்த உயர்நிலத்தில் அமைக்கப்பட்டன.

இத்திட்டங்கள் அனைத்தும் இரண்டு வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே தொடங்கப்பட்டன. கிடைக்கும் நீர் எவ்வளவு என்பது ஒன்று. ஆகும் செலவுக்கு ஏற்ற பயன் உண்டா என்பது மற்றொன்று. மூழ்கப்போகும் நிலம் எத்தகையது, அதில் வாழும் உயிர்கள் யாவை என்னும் மூன்றாவது வினா எழவில்லை. அதனைக் கேட்குமாறு பணிக்கும் சட்டம் எதுவும் அன்று இல்லை. ஆதலின் அக்காலப் பொறியாளர்களைக் குறைகூறுதல் பொருந்தாது. எனினும் மூன்றாவது வினா கேட்கப்படாமலேயே ஒரு மரபு உருவாகி நிலைபெற்றது என்பது குறிப்பிடத்தக்கது. அம்மரபின் வழியிலேயே நீலகிரிப் பீடபூமியின் தென்மேற்கு மூலையில் அமைந்த அமைதிப் பள்ளத்தாக்கும் நோக்கப்பட்டது.

பள்ளத்தாக்கும் திட்டமும்

பாலக்காடு மாவட்டத்தில் மண்ணார்க்காட்டுக்கு வடக்கே அமைந்த இம்மழைக்காட்டைச் சைரந்திரி வனம் என்று உள்ளூர் மக்கள் வழங்கினர். பாரதப்புழையின் கிளையாறுகளுள் ஒன்றான குந்திப்புழை இதன் ஊடாகப் பாய்கிறது. 1914இல் இப்பகுதி ஒதுக்கப்பட்ட காடாக அறிவிக்கப்பட்டது. 1928இலேயே சைரந்திரி என்னுமிடம் அணைக்கு ஏற்றதாகக் கண்டறியப்பட்டது. கேரள மாநில மின்வாரியம் வகுத்த திட்டத்துக்கு நடுவண் திட்டக்குழு 1973 பிப்ரவரியில் ஒப்புதல் அளித்தது. 120 மெகாவாட் மின்திறனும் ஏறத்தாழ 10,000 ஹெக்டேர் நிலத்துக்குப் பாசனமும் எதிர்பார்க்கப்பட்டன. மூழ்கும் பரப்பு 830 ஹெக்டேர்.

திட்டத்தின் பின்புலத்தில் உண்மையான தேவை இருந்தது. கேரளத்தில் நிலக்கரி இல்லை. மாநிலத்தின் மின்னாக்கம் ஏறத்தாழ முழுவதும் நீரைச் சார்ந்தது. பெரும் மின்நிலையங்கள் தெற்கே அமைந்திருக்க, வடபகுதியான மலபார் மின்பற்றாக்குறையிலும் தொழில் பின்னடைவிலும் உழன்றது. ஆதலின் இத்திட்டத்தை ஆதரித்தோரை இயற்கையின் பகைவர் என ஒதுக்கிவிட இயலாது. மூழ்கும் நிலம் பள்ளத்தாக்கின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவே என்பது அவர்தம் வாதம். ஆற்றை ஒட்டிய அப்பகுதியே காட்டின் உயிர்நிலை என்பதும், அணைக்காக அமையும் சாலைகளும் குடியிருப்புகளும் எஞ்சிய காட்டையும் சிதைக்கும் என்பதும் எதிர்வாதம்.

முதற்குழுவும் பதினேழு நிபந்தனைகளும்

சூழல் பற்றிய வினா, ஒப்புதல் வழங்கப்பட்டு மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னரே அரசுமுறையில் எழுந்தது. 1972இல் நிறுவப்பட்ட சுற்றுச்சூழல் திட்டமிடல் ஒருங்கிணைப்புக்கான தேசியக் குழு, மேற்குத் தொடர்ச்சி மலை பற்றி ஆராய ஜாபர் ஃபத்தேஅலி தலைமையில் 1976இல் ஒரு பணிக்குழுவை அமைத்தது. அது அளித்த பரிந்துரை இரு பகுதிகளைக் கொண்டது. திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பது முதற்பகுதி. கைவிட இயலாதெனில் 17 பாதுகாப்பு நிபந்தனைகளைப் பின்பற்ற வேண்டும் என்பது இரண்டாம் பகுதி.

இவ்விரண்டனுள் மாநில அரசு பற்றிக்கொண்டது இரண்டாவதையே. நிபந்தனைகள் அனைத்தையும் ஏற்பதாக அது உறுதி கூறியது. 1978இல் மொரார்ஜி தேசாய் தலைமையிலான நடுவண் அரசு நிபந்தனைகளுடன் இசைவு அளித்தது. அந்நிபந்தனைகளுக்குச் சட்ட வடிவம் தரும் வகையில் சூழல் சமநிலைப் பாதுகாப்புச் சட்டமொன்றைக் கேரளம் 1979இல் இயற்றியது. கூடாது என்று தொடங்கிய அறிக்கை, எவ்வாறு கூடும் என்பதற்கான சான்றாக மாறிய வரலாறு இது. பிற்காலத்தில் இந்தியச் சூழல் ஒப்புதல்களின் பொதுவடிவமாக அமைந்துவிட்ட நிபந்தனையுடன் கூடிய இசைவு என்னும் முறைக்கு இதனை ஒரு முன்னோடி எனலாம்.

மக்கள் எழுதிய மதிப்பீடு

அரசு முறையாகக் கேட்கத் தவறிய வினாவை அரசுக்கு வெளியே இருந்தோர் கேட்டனர். பேராசிரியர் எம். கே. பிரசாத், சதீஷ் சந்திரன் நாயர் முதலியோர் இக்காட்டின் அருமையைக் கட்டுரைகள் வாயிலாகவும் கூட்டங்கள் வாயிலாகவும் விளக்கினர். கேரள வன ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த வி. எஸ். விஜயன் அணையின் விளைவுகளை ஆராய்ந்தார். சோலைமந்தி என்றும் வழங்கும் சிங்கவால் குரங்கின் எஞ்சிய வாழிடங்களுள் இஃது ஒன்று என்பது வெளிப்பட்டது. பறவையியலறிஞர் சலீம் அலி குரல் கொடுத்தார். கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்ட மலையாள எழுத்தாளர்கள் இயக்கத்தில் இணைந்தனர். 1978இல் அஷ்காபாத்தில் கூடிய பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பேரவையும் இதில் கருத்துச் செலுத்தியது.

இவ்வரிசையில் தனித்து நோக்கத்தக்கது கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத் 1979இல் வெளியிட்ட மதிப்பீட்டு நூலாகும். உயிரியல், பொறியியல், வேளாண்மை, பொருளியல் ஆகிய துறையினர் இணைந்து அதனை எழுதினர். காடு அழகியது, ஆதலின் காக்க வேண்டும் என்னும் அளவில் அந்நூல் நின்றுவிடவில்லை. மலபாரின் மின்தேவையை இத்திட்டம் உண்மையில் தீர்க்குமா என்றும், அதே தேவையை நிறைவேற்ற வேறு வழிகள் உண்டா என்றும் அது கணக்கிட்டது. மின்கடத்தலில் நேரும் இழப்பைக் குறைத்தல், மலபாரில் அனல்மின் நிலையம் அமைத்தல் ஆகியன மாற்றுகளாக முன்வைக்கப்பட்டன.

ஈண்டு ஒரு முரண் புலனாகிறது. அன்று சூழலுக்கு ஆதரவாக எழுந்த குரல் நிலக்கரியை மாற்றாகக் காட்டியது. இன்று நிலக்கரிக்கு மாற்றாகவே நீரும் காற்றும் கதிரும் காட்டப்படுகின்றன. புகை உண்டாக்காத மின்சாரம் என்பதனால் மட்டும் ஒரு திட்டம் தீங்கற்றது ஆகிவிடாது என்பதையும், ஓரிடத்தைக் காப்பதற்கு வேறோரிடத்தில் விலை தர நேரிடலாம் என்பதையும் இம்முரண் உணர்த்துகிறது. அவ்விலையைக் கணக்கிட்டு வெளிப்படையாக எழுதியதே பரிஷத் நூலின் சிறப்பு. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்னும் ஆவணத்தைச் சட்டம் கட்டாயமாக்குவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்னரே, அதன் பணியைக் குடிமக்கள் தாமாகச் செய்தனர்.

நீதிமன்றமும் கைவிடலும்

1979இல் வழக்கு கேரள உயர் நீதிமன்றத்தை அடைந்தது. மரம் வெட்டுதல் தடுத்துநிறுத்தப்பட்டது. ஆயினும் அரசு உரியவற்றை ஆராய்ந்தே முடிவு செய்துள்ளது என்றும், அம்முடிவின் தகுதியை மீண்டும் எடைபோடுதல் நீதிமன்றத்தின் பணியன்று என்றும் கருதி 1980 ஜனவரி 2 அன்று மனுவை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வழக்குத் தொடுத்தோர் சுட்டிக்காட்டத்தக்க சூழல் ஒப்புதல் சட்டம் எதுவும் அன்று இல்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இதற்கிடையே நடுவண் வேளாண்துறைச் செயலராக இருந்த எம். எஸ். சுவாமிநாதன் 1979இல் பள்ளத்தாக்கைப் பார்வையிட்டு ஒரு பரிந்துரை அளித்தார். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கு, புதிய அமரம்பலம், அட்டப்பாடிக் காடுகளையும் தமிழ்நாட்டின் குந்தாக் காடுகளையும் இணைத்து 389.52 சதுர கிலோமீட்டர் பரப்பில் மழைக்காட்டு உயிர்க்கோளக் காப்பகம் அமைக்கலாம் என்பது அது. அணைகளுக்காக இரு மாநிலங்களும் தனித்தனியே நோக்கிய மலைத்தொடர், ஒரே நிலமாக எண்ணப்பட்டது. 1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் உருவானபோது அவ்வெண்ணம் விரிந்த வடிவில் நிறைவேறியது.

1980இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த இந்திரா காந்தி பணிகளை நிறுத்துமாறு மாநில அரசைக் கேட்டுக்கொண்டார். அவ்வாண்டின் இறுதியில் கேரளம் தேசியப் பூங்காவை அறிவித்தது. ஆனால் அணைக்குரிய பகுதி அதில் சேர்க்கப்படவில்லை. பின்னர் எம். ஜி. கே. மேனன் தலைமையில், மாதவ் காட்கில் முதலியோரை உறுப்பினராகக் கொண்ட குழு சிக்கலை ஆராய்ந்தது. அதன் அறிக்கையை அடுத்து 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பர் 15 அன்று அணைப்பகுதியும் உள்ளடங்கிய 89.52 சதுர கிலோமீட்டர் நிலம் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒப்புதலுக்கும் கைவிடலுக்கும் இடையே கழிந்தவை பத்து ஆண்டுகள். அப்பத்தாண்டுகளில் மலபார் மக்கள் மின்சாரமும் பெறவில்லை. மாற்றுத் திட்டமும் பெறவில்லை. கோழிக்கோட்டில் டீசல் மின்நிலையம் அமைவதற்கு 1990களின் இறுதி வரை காத்திருக்க நேர்ந்தது.

சட்டமான கேள்வி

அமைதிப் பள்ளத்தாக்கு விவாதம் நிகழ்ந்த அதே காலத்தில் சட்ட அமைப்பும் மாறியது. 1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் காடுகளைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது. சூழலைக் காத்தல் அரசின் நெறியாகவும் குடிமக்களின் கடமையாகவும் ஆக்கப்பட்டது. 1980இன் வனப் பாதுகாப்புச் சட்டம் காட்டு நிலத்தைப் பிற பயன்களுக்கு மாற்ற நடுவண் அரசின் முன் ஒப்புதலைக் கட்டாயமாக்கியது. 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்கீழ் 1994 ஜனவரி 27 அன்று வெளியான அறிவிக்கை, பட்டியலிடப்பட்ட வகைத் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியது. 1997இல் பொதுமக்கள் கருத்துக் கேட்பு சேர்க்கப்பட்டது. 2006 செப்டம்பர் 14 அன்று புதிய அறிவிக்கை பழையதன் இடத்தைப் பெற்றது. இதன்படி 50 மெகாவாட்டும் அதற்கு மேற்பட்டதுமான நீர்மின் திட்டங்கள் நடுவண் அரசிடமும், 25 முதல் 50 மெகாவாட்டுக்கு உட்பட்டவை மாநில ஆணையத்திடமும் முன் ஒப்புதல் பெற வேண்டும் என அன்று விதிக்கப்பட்டது.

குடிமக்கள் வலிந்து எழுப்பிய வினா இவ்வாறு அரசின் கடமையாயிற்று. எனினும் இம்மாற்றத்தில் ஒரு குறை தொடர்ந்தது. மதிப்பீட்டு அறிக்கையைத் தயாரிக்கும் ஆய்வாளருக்கு ஊதியம் தருபவர் திட்டத்தை முன்மொழிபவரே. விரைவு மதிப்பீட்டுக்கு மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தின் தரவு போதுமானது எனவும் 1994ஆம் ஆண்டு அறிவிக்கை கருதியது. ஆண்டு முழுவதும் மாறிக்கொண்டிருக்கும் ஆற்றை ஒரு பருவத்தில் அறிந்துவிட முடியும் என்னும் கருதுகோள் அதனுள் அடங்கியிருந்தது.

அதிரப்பள்ளி: கேட்டும் கேளாமை

சட்டம் நடைமுறைக்கு வந்த பின்னரும் காலத்தாழ்வு நேர்ந்தமைக்கு அதிரப்பள்ளித் திட்டம் சான்றாகும். சாலக்குடி ஆற்றில் 163 மெகாவாட் திறனுடன் வகுக்கப்பட்ட இத்திட்டத்துக்கு 1998இல் சூழல் ஒப்புதல் வழங்கப்பட்டது. கருத்துக் கேட்பு நடத்துமாறு கேரள உயர் நீதிமன்றம் 2001இல் ஆணையிட்டது. 2002இல் நடைபெற்ற கூட்டத்தில் பெரும்பாலோர் திட்டத்தை எதிர்த்தனர். பின்னர்ப் புதிய மதிப்பீட்டு அறிக்கை ஒன்று தயாரிக்கப்பட்டு 2005இல் மீண்டும் ஒப்புதல் வழங்கப்பட்டது. அவ்வறிக்கை மக்கள் முன் வைக்கப்படவில்லை என்பதனால் 2006இல் நீதிமன்றம் அவ்வொப்புதலையும் நீக்கியது. 2007இல் மூன்றாம் முறையாக ஒப்புதல் கிடைத்தது. மாதவ் காட்கில் தலைமையிலான மேற்குத் தொடர்ச்சி மலைச் சூழலியல் வல்லுநர் குழு, இத்திட்டத்தை அனுமதிக்கலாகாது என 2011இல் பரிந்துரைத்தது.

அப்பகுதியில் வாழும் காடர் என்னும் தொல்குடியினர் திராவிட மொழியியலாளர் நன்கு அறிந்த மொழியைப் பேசுவோர். 2014இல் வாழச்சால் பகுதிக் காடர் குடியிருப்புகளுக்குச் சமூக வன உரிமை வழங்கப்பட்டது. ஆற்றங்கரையில் தலைமுறைகளாக வாழ்வோரிடம் முதற்கண் கேட்கப்பட வேண்டிய வினா, ஒப்புதல் வழங்கிய பின்னர், நீதிமன்றத்தின் ஆணையால் கேட்கப்பட்டது. மும்முறை ஒப்புதல் பெற்றும் அணை எழவில்லை. இங்குக் காலத்தைக் கவர்ந்தது கருத்துக் கேட்பு அன்று; கருத்துக் கேட்பைத் தவிர்க்க மேற்கொள்ளப்பட்ட முயற்சியே என்பது தெளிவு.

பட்டியலுக்கு வெளியே: காற்றும் கதிரும்

1994, 2006 ஆகிய இரு அறிவிக்கைகளின் பட்டியலிலும் காற்றாலையும் கதிரொளி மின்நிலையமும் இடம்பெறவில்லை. புகையும் கழிவுநீரும் இல்லாத தொழில் என்னும் கருத்தே இதற்கு அடிப்படை. காட்டு நிலம் தேவைப்பட்டால் வனச் சட்டத்தின்கீழ் ஒப்புதல் பெற வேண்டும். மற்றபடி தாக்க மதிப்பீடோ கருத்துக் கேட்போ தேவையில்லை. இவ்விலக்கு, சிறிய அளவில் இவை தொடங்கிய காலத்துக்குப் பொருந்தியிருக்கலாம். இராசத்தானின் பாட்லா கதிரொளிப் பூங்கா போன்றவை 2,245 மெகாவாட் அளவுக்கு வளர்ந்த பின்னர் நிலைமை வேறு.

இராசத்தான், குசராத்து ஆகிய மாநிலங்களின் வறண்ட புல்வெளிகள் கானமயிலின் இறுதி வாழிடங்களாகும். இப்பறவைகளுள் எஞ்சியவை 150க்கும் குறைவு என்பது பொதுவான மதிப்பீடு. உடல் எடை மிக்கதும், நேர் முன்னே உள்ளதைத் தெளிவாகக் காணும் பார்வையற்றதுமான இப்பறவை, மின்கம்பிகளில் மோதி இறக்கிறது. எம். கே. ரஞ்சித்சிங் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரல் 19 அன்று ஆணை ஒன்றை வழங்கியது. ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் தாழ்மின்னழுத்தக் கம்பிகளை நிலத்தடியில் பதிக்க வேண்டும் என்பதும், உயர்மின்னழுத்தக் கம்பிகளுக்கும் அதன் இயலுமையை ஆராய வேண்டும் என்பதும் அதன் சாரம். இது நடைமுறைக்கு ஒவ்வாதது என நடுவண் அரசு முறையிட்டது. 2024 மார்ச் 21 அன்று நீதிமன்றம் தன் ஆணையை மாற்றி, வல்லுநர் குழுவிடம் பொறுப்பை ஒப்படைத்தது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து விடுபட்டிருத்தல் குடிமக்களின் உரிமை என்பதையும் அத்தீர்ப்பு ஏற்றது.

இங்கு இரு தரப்பிலும் நியாயம் உண்டு. கதிரொளி மின்சாரம் பெருகாமல் புவி வெப்பத்தைக் கட்டுப்படுத்த இயலாது. கம்பிகள் இவ்வாறே பெருகினால் கானமயில் எஞ்சாது. எவ்வழியில் கம்பி செல்லலாம், எவ்விடத்தை விலக்க வேண்டும் என்னும் வரைபடம் திட்டங்களுக்கு முன்னரே வகுக்கப்பட்டிருப்பின், நாட்டின் உச்ச நீதிமன்றம் மின்கம்பியின் பாதையை ஆராய வேண்டிய தேவை எழுந்திராது.

காடு என்னும் சொல்

நிலத்துக்கு இடப்படும் பெயரே அதன் விதியை முடிவு செய்வதை இவ்வரலாறு காட்டுகிறது. இராசத்தானில் ஓரண் எனப்படுபவை ஊர்த்தெய்வங்களுக்கு உரியனவாக மக்கள் காத்துவரும் நிலங்கள். தமிழகத்தின் கோயிற்காடுகளோடு ஒப்பிடத்தக்கவை. மேய்ச்சலுக்கும் நீருக்கும் அவற்றையே நம்பியுள்ள ஊர்கள் பல. வருவாய்த்துறைப் பதிவேடுகளிலோ இவற்றுட் பல பாழ்நிலம் எனக் குறிக்கப்பட்டன. பாழ்நிலமாயின், வனச் சட்டத்தின் வினாவும் எழாது. பட்டியலில் இல்லாமையால் சூழல் மதிப்பீட்டின் வினாவும் எழாது.

இந்நிலை மாறுவதற்கு நீலகிரியில் தோன்றிய வழக்கொன்று காரணமாயிற்று. கூடலூர்க் காடுகளில் மரம் வெட்டப்படுவதை எதிர்த்து 1995இல் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், காடு என்பதற்கு அகராதிப் பொருளையே கொள்ள வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று தீர்ப்பளித்தது. பதிவேட்டில் காடு என்று எழுதப்பட்டிராவிடினும், சொல்லின் வழக்குப்பொருளுக்கு ஏற்ப அமைந்த நிலம் காடே என்பது அதன் கருத்து. அதே வழக்கின் தொடர்ச்சியாக 2024 டிசம்பரில், ஓரண்களை அடையாளங்கண்டு காடுகளாக வகைப்படுத்துமாறு இராசத்தான் அரசுக்கு நீதிமன்றம் ஆணையிட்டது.

பெயரிடலின் மற்றொரு பக்கமும் உண்டு. 25 மெகாவாட்டுக்கு மேற்பட்ட பெரிய நீர்மின் திட்டங்களையும் புதுப்பிக்கத்தக்க ஆற்றலாக ஏற்பதாக நடுவண் அரசு 2019 மார்ச்சில் அறிவித்தது. அணைகளும் அவை மூழ்கடிக்கும் நிலமும் மாறவில்லை. பெயர் மட்டுமே மாறியது. தூய்மை என்பது ஆற்றலின் வகையைக் குறிக்கும் அடையாகலாம். ஒரு குறிப்பிட்ட இடத்தில் அமையும் திட்டத்துக்கு அது தானாகவே சான்றாகிவிடாது.

முடிவுரை

மேற்கண்ட மூன்று வரலாறுகளும் ஒரே முடிவை நோக்கிச் செல்கின்றன. அமைதிப் பள்ளத்தாக்கில் கேட்பதற்குச் சட்டம் இல்லை. ஒப்புதலுக்குப் பின் எழுந்த வினா பத்தாண்டுகளை எடுத்துக்கொண்டது. அதிரப்பள்ளியில் சட்டம் இருந்தது. அதன் வினா சடங்காகக் கேட்கப்பட்டதால் நீதிமன்றம் மீண்டும் மீண்டும் தலையிட்டது. பாலை நிலத்தில் சட்டமே விலக்கு அளித்தது. கேட்கப்படாத வினா, கம்பிகள் நடப்பட்ட பின்னர் உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. மூன்றிலும் காலத்தாழ்வின் ஊற்று ஒன்றே. தவிர்க்கப்பட்ட வினா மறைந்துவிடுவதில்லை. காலம் கடந்து, கூடிய செலவோடு திரும்பி வருகிறது.

ஆதலின் ஒப்புதல் நடைமுறையை விரைவுபடுத்த விரும்புவோர் அதனைச் சுருக்குவதினும் முற்படுத்துவதே பயன்தரும். ஏலமும் ஒப்பந்தமும் முடிவதற்கு முன்னரே நிலத்தை ஆராய்தல், அறிக்கையை அவ்வூர் மக்களின் மொழியில் அவர்முன் வைத்தல், மாற்றிடங்களை ஒப்பிடுதல், வேண்டாம் என்னும் விடைக்கும் இடமளித்தல் ஆகியன அதன் கூறுகளாகும். வேண்டாம் என்னும் விடைக்கு இடமில்லாத ஒப்புதல் வெறும் பதிவாகவே எஞ்சும்.

தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாகக் கொண்டு, பிறவற்றை அவற்றின்மீது அமைத்தது. அஃது இலக்கியத்துக்கு உரிய வகுப்பு, சட்டத்துக்கு உரியதன்று. எனினும் எவ்விடம், எப்பருவம் என்னும் இரண்டையும் முதலில் வினவும் அம்முறை, தூய ஆற்றலின் பெயரால் நிலத்தை அணுகும் இக்காலத்துக்கும் பொருத்தமுடையதாகவே உள்ளது.